மூணு ஆயில் வண்டியும் ஒரே ஆயில் வண்டியும்

மோட்டார் சைக்கிளுக்கு எந்த ஆயில் நல்லது என்று கேட்டால், வட சென்னையில் வயதுக்கு ஒரு பதில் கிடைக்கும். அறுபதைத் தாண்டிய மெக்கானிக் "நாப்பது நம்பர் ஊத்து, போதும்" என்பார். நாற்பதுகளில் இருப்பவர் "ட்வென்ட்டி ஃபார்ட்டி" என்பார். இருபத்தைந்து வயதுப் பையன் ஃபுல் சிந்தெடிக் தவிர வேறெதையும் தொடமாட்டான். இவர்களில் யாரையும் நான் தப்பு சொல்லமாட்டேன். அவரவர் கை எந்த இன்ஜினில் பழகியதோ, அந்த இன்ஜினுக்கு அவரவர் பதில் சரி. இன்ஜின் மாறிய பிறகும் பதில் மாறாமல் நிற்கும்போதுதான் வண்டி கெடுகிறது. எங்கள் கடையின் கதையே அதுதான்.

கடை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. 1970களின் கடைசியில் அப்பா ஆரம்பித்தது. இப்போது கல்லாவில் நான் உட்காருகிறேன். எண்ணூருக்கும் துறைமுகத்துக்கும் போகும் லாரிகளை நம்பி வைத்த கடை அது. வாசலில் 210 லிட்டர் பீப்பாய்கள், அதில் செருகிய கைப்பம்பு, ஒரு லிட்டர், அரை லிட்டர், கால் லிட்டர் தகர அளவைகள், ஒரு புனல், கை துடைக்கப் பனியன் வேஸ்ட். இவ்வளவுதான் சரக்கு. டப்பாவில் அடைத்த ஆயில் அப்போது அலமாரியில் ஒரு வரிசைகூட நிறையாது.

எங்கள் பகுதியைப் போல மோட்டார் சைக்கிளையும் அதற்கான எண்ணெயையும் ஒரே மண்ணில் செய்த இடம் இந்தியாவில் வேறு எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. புல்லட் தயாரித்த தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. கொஞ்சம் மேற்கே போனால் மணலி. 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் கம்பெனி உருவாகி, 1969இல் அங்கே சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. இந்திய அரசோடு ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் அமெரிக்காவின் அமோகோவும் அதில் கூட்டு. பெட்ரோல், டீசலோடு நிற்காமல், எல்லா இன்ஜின் ஆயிலுக்கும் அடிப்படையான பேஸ் ஆயிலையும் அந்த ஆலை தயாரித்தது. அதிலிருந்து பிரித்த மெழுகும் இன்னொரு சரக்காக வெளியே போனது. 1989இல் அதே மணலியில் இந்தியன் அடிட்டிவ்ஸ் என்ற கம்பெனி வந்தது. ஆயிலில் கலக்கும் மருந்துகளைச் செய்வது அதன் வேலை. தேய்மானத்தைத் தடுப்பது, கரியைக் கழுவுவது, நுரையை அடக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து. ஆக வண்டி இங்கே, எண்ணெய் இங்கே, எண்ணெய்க்கு மருந்தும் இங்கே. இந்த ஊர்க்காரி என்பதில் எனக்குள்ள பெருமையில் பெரும்பங்கு இதுதான்.

அந்தப் பழைய வார்ப்பிரும்பு புல்லட்டைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழக்கங்கள் எல்லாம் அங்கேதான் பிறந்தன. அந்த வண்டியில் இன்ஜின் தனி, கிளட்ச் பெட்டி தனி, கியர் பெட்டி தனி. மூன்றுக்கும் மூன்று மூடி, மூன்று சரக்கு. இன்ஜினின் அடிப்பெட்டியோடு சேர்த்து வார்த்த ஒரு அறைதான் ஆயில் டேங்க். ரெண்டேகால் லிட்டர் பிடிக்கும். அங்கிருந்து ஒரு பம்பு ஆயிலை மேலே தள்ளும், இன்னொரு பம்பு கீழே வடிந்ததைத் திரும்ப எடுத்து வரும். வடிகட்ட ஒரு ஃபெல்ட் ஃபில்டர். இடது பக்கத்து மூடிக்குள் பிரைமரி செயினும் கிளட்ச்சும் அரை லிட்டருக்கும் குறைவான தனி ஆயிலில் நனைந்து ஓடும். கியர் பெட்டிக்குக் கிரீஸும் தொண்ணூறு நம்பர் கியர் ஆயிலும் கலந்து அடைப்பார்கள். இன்ஜின் ஆயிலுக்கு அந்தக் கிளட்ச்சின் முகமே தெரியாது. கியர் பல் என்றால் என்னவென்றும் தெரியாது. புகையையும் சூட்டையும் சமாளித்தால் அதன் வேலை முடிந்தது.

அதனால்தான் லாரிக்கு ஊற்றிய அதே நாற்பது நம்பர் புல்லட்டுக்கும் ஒத்துப்போனது. நம்பர் என்பது ஆயிலின் கெட்டித்தன்மை. அமெரிக்க வாகனப் பொறியாளர்கள் சங்கமான எஸ்.ஏ.இ. 1911இல் இந்த வகைப்படுத்தலைத் தொடங்கியது. நம்பர் ஏற ஏற, சூடான இன்ஜினில் ஆயில் கெட்டியாக நிற்கும். சென்னையில் டிசம்பர் விடியற்காலையில்கூட நாற்பது நம்பர் உறைந்து போகாது, உதைத்தால் வண்டி கிளம்பும். ஆனால் இங்கே செய்த புல்லட்டுகள் ராணுவத்துக்காக இமயமலைக்கும் போயின. அந்தக் குளிரில் இதே ஆயில் கிக்கரை மிதிக்க விடாது. ஒரு ஊரில் சரியாக இருக்கும் ஆயில் இன்னொரு ஊரில் சரியாக இருக்கவேண்டியதில்லை என்பதை அப்பா இந்த உதாரணத்தை வைத்துத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வண்டி பழசாகி, ரிங் தேய்ந்து, நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய் ஒழுகத் தொடங்கினால் மெக்கானிக்குகள் ஐம்பது நம்பருக்குப் போவார்கள். கெட்டி ஆயில் இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கும், சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும். "கெட்டியா இருந்தாதான் நல்ல ஆயில்" என்ற நம்பிக்கை இங்கே வேர்விட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டை வைத்து இழுத்துப் பார்க்கும் பழக்கமும் அப்போதையது. இன்றைக்கும் புதுச் சீசாவைத் திறந்ததும் முதலில் அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். விரல் சூட்டில் ஒரு ஆயிலின் கெட்டித்தன்மை தெரியலாம். நூறு டிகிரியில் அது எப்படி நடந்துகொள்ளும், அதில் என்ன மருந்து இருக்கிறது என்று எந்த விரலும் சொல்லாது.

இன்னொரு பழைய நம்பிக்கை கறுப்பு பற்றியது. ஆயில் சீக்கிரம் கறுத்தால் மட்டமான ஆயில் என்று வாதாடுவார்கள். கழுவும் மருந்து சேர்க்காத அந்தக்கால ஆயில் பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். கரி எங்கே போகும்? இன்ஜினின் அடியில் சேறாகப் படியும். கழுவும் மருந்து சேர்ந்த ஆயில் அந்தக் கரியைத் தன்னோடு சுமந்துகொள்வதால் கறுக்கிறது, வடிக்கும்போது அதையும் சேர்த்து வெளியே கொண்டுவருகிறது. கறுத்த ஆயில் தன் வேலையைச் செய்த ஆயில். இதை நம்பவைக்க அப்பா எவ்வளவு பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும். சிலரை அவரால் கடைசிவரை மாற்ற முடியவில்லை.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் வேறு மாதிரி. மைசூரிலிருந்து ஜாவாவும் எஸ்டியும் வந்தன. ராஜ்தூத் வந்தது. ஸ்கூட்டர்கள் வந்தன. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்து தமிழ்நாட்டின் ஒவ்வொரு தெருவுக்குள்ளும் நுழைந்தது. 1985இல் யமஹா ஆர்.எக்ஸ். 100. இந்த இன்ஜின்களில் ஆயில் தங்காது, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகும். பெட்ரோல் பங்க்கில் ஆயில் கலந்து போடச்சொல்வது அன்றாடக் காட்சி. லிட்டருக்கு இருபது மில்லி போதும் என்று எழுதியிருக்கிற வண்டிக்கு நாற்பது ஊற்றச் சொல்வார்கள். பழைய வண்டிகளுக்கு நாற்பது தேவைப்பட்டது உண்மை, அது கையோடு வந்த அளவு. கூடுதலாக ஊற்றினால் இன்ஜினுக்குப் பாதுகாப்பு என்று நினைத்தார்கள். கூடுதல் ஆயில் புகையாகவும் பிளக்கில் கரியாகவும் வந்தது. காசு மிச்சம் பிடிக்க டூ ஸ்ட்ரோக்குக்கான டூ-டி ஆயிலுக்குப் பதில் பீப்பாயிலிருந்து நாற்பது நம்பரையே பெட்ரோலில் ஊற்றியவர்களும் உண்டு. சாதாரண இன்ஜின் ஆயிலில் உள்ள மருந்துகள் எரிந்தால் சாம்பல் விடும். சைலன்சர் அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி நெருப்பில் போட்டுத் தட்டிக் கரியெடுப்பது மெக்கானிக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை வேலை.

டெல்லியின் காற்று நீதிமன்றம் வரை போனது. 1990களின் இறுதியில் அங்கே லூஸாக டூ-டி ஆயில் விற்பதற்குத் தடை வந்தது, பங்க்கிலேயே சரியான அளவில் கலந்து தரும் முறை கட்டாயமானது. புகை குறைந்த ஆயில் தரம் நாடெங்கும் வந்தது. 2000இல் இறுகிய புகை விதிகள் பெரும்பாலான டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களை விடைபெற வைத்தன. மொபெட்டுகள் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தன. 2015இல் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தபோது, காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் ஒரு அம்மா புது வண்டிக்கு எங்களிடம் டூ-டி பவுச் கேட்டு வந்தார். "பெட்ரோல்ல ஆயில் போடாம வண்டி ஓடுமாம்மா? சீஸ் ஆயிடாது?" என்று பயந்து போய்க் கேட்டார். அவர் பயத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆயில் கலக்க மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்பதை அவர் வீட்டில் முன்னால் ஓடிய வண்டிகள் எல்லாம் கற்றுக்கொடுத்திருந்தன. டிப் ஸ்டிக்கைக் கழற்றி, ஆயில் தனியாக உள்ளே நிற்பதைக் காட்டிய பிறகுதான் அவர் மனசு ஆறியது.

உண்மையான திருப்பம் 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தபோது நடந்தது. சின்ன இன்ஜின், 97 சி.சி.தான். ஆனால் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று வரை ஓடும். புல்லட் ஐயாயிரத்துச் சொச்சத்தில் மூச்சு வாங்கும். அந்தச் சின்ன இன்ஜினில் கிராங்க், கிளட்ச், கியர் எல்லாம் ஒரே வீட்டுக்குள். மொத்தத்துக்கும் ஒரே ஆயில், அதுவும் 900 மில்லி அளவுதான். ரெண்டேகால் லிட்டர் இன்ஜினுக்கு மட்டும் என்று இருந்த இடத்தில், லிட்டருக்கும் குறைந்த ஆயில் மூன்று வேலை பார்க்க வேண்டியதாயிற்று. கேம் ஷாஃப்ட் வேறு சிலிண்டர் தலைக்கு மேலே இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் அவ்வளவு உயரம் ஏறி அங்கே சேரும்வரை அது காய்ந்து சுற்றும். இந்த இன்ஜினில் கெட்டி ஆயில் ஊற்றினால் அந்தக் காத்திருப்பு நீளும்.

அந்த வண்டியின் விளம்பரம், நிரப்பு, மூடு, மறந்துவிடு என்று சொன்னது. அது பெட்ரோல் டேங்கைப் பற்றிய பேச்சு, மைலேஜைப் பற்றிய பேச்சு. எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் ஆயிலையும் சேர்த்து மறந்தார்கள். எத்தனையோ நல்ல இன்ஜின்கள் கேம் தேய்ந்து, தலைப்பக்கம் டக் டக்கென்று அடித்துக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். வடித்தால் கால் லிட்டர்கூடத் தேறாது. ஆயிலின் தரத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் நாம், அளவு பார்க்கும் அந்தக் குச்சியை வாரம் ஒருமுறை கழற்றிப் பார்ப்பதில்லை. எந்தப் பிராண்டைக் காட்டிலும் அந்தக் குச்சி முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

கியரும் ஒரே ஆயிலில் ஓடுவதால் இன்னொரு சிக்கல் வந்தது. 20டபிள்யூ-40 போன்ற மல்டிகிரேடு ஆயில் குளிரில் இருபது போலவும் சூட்டில் நாற்பது போலவும் நடக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தின் குறி. ஆயிலில் கலந்த நீள நீளமான பாலிமர் மூலக்கூறுகள்தான் இதைச் சாதிக்கின்றன. கார் இன்ஜினில் அவை ரொம்ப நாள் பிழைக்கும். மோட்டார் சைக்கிளில் கியர் பற்கள் அவற்றை இடைவிடாமல் நறுக்கிக்கொண்டே இருக்கும். நறுக்குப்பட்ட ஆயில் நாற்பதிலிருந்து முப்பதை நோக்கி இறங்கும். "ஆயில் போட்டப்போ கியர் வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு, இப்ப இடிக்குது" என்று ஓட்டுபவர்கள் சொல்வது இதைத்தான். வெறும் கற்பனை என்று ஒதுக்க வேண்டாம்.

1990களின் முதல் பாதியில் இறக்குமதிக் கதவு திறந்தது. அதுவரை எங்கள் கடையில் 1972இல் வந்த இந்தியன் ஆயிலின் சர்வோவும், காஸ்ட்ராலும், இன்னும் ஓரிரண்டு பெயர்களும்தான். ஒன்றிரண்டு வருடத்தில் ஷெல், மொபில், எல்ஃப், வால்வோலின், கல்ஃப் என்று அலமாரி நிறைந்தது. காஸ்ட்ரால் பெயருக்குள் ஆமணக்கு இருப்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டின் கம்பெனி 1909இல் விளக்கெண்ணெய் கலந்து செய்த ஆயில் அது. கட்டை வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்துப் போட்ட எங்கள் பாட்டன்மாருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருந்திருக்காது.

டப்பாக்களோடு போலியும் வந்தது. தெரிந்த சப்ளையர் ஒருவர் இறக்கிய பெட்டியில் மூடி வளையம் கொஞ்சம் தளர்வாக இருந்ததை அப்பா கவனித்தார். திறந்து முகர்ந்தால் தீய்ந்த வாடை. வடித்த கழிவு ஆயிலைக் காய்ச்சி வடிகட்டி, காலி டப்பாவில் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். பெட்டி திரும்பிப் போனது, அந்த சப்ளையரோடு வியாபாரமும் நின்றது. அன்றிலிருந்து எங்கள் கடையில் காலி டப்பாவை ஆணியால் குத்தாமல் வெளியே விடுவதில்லை. எங்களிடம் ஆயில் மாற்றும் ஒவ்வொருவரையும் குத்திவிட்டுப் போகச் சொல்கிறேன்.

இதே காலத்தில் கார் ஆயில் வேறு திசையில் போனது. பெட்ரோல் மிச்சப்படுத்த, உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் போன்ற மருந்துகளைச் சேர்த்தார்கள். காருக்குக் கிளட்ச் காய்ந்த இடத்தில் தனியாக இருப்பதால் அது லாபம். மோட்டார் சைக்கிளுக்கு அது ஆபத்து. கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று கவ்வுவதே உராய்வால்தான், அந்தத் தட்டுகள் நனைவது அதே ஆயிலில்தான். இதைத் தீர்க்கத்தான் ஜப்பானியர்கள் 1998இல் ஜாசோ என்ற தனித் தரத்தை வகுத்தார்கள். நனைந்த கிளட்ச் உள்ள வண்டிக்கு எம்.ஏ., உராய்வு குறைந்த ஆயிலைத் தாங்கும் வண்டிக்கு எம்.பி. கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பதால் எம்.பி. ஒத்துப்போகும். சீசாவின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் இந்த இரண்டு எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். முகப்பில் இருக்கும் பந்தயக்காரர் படத்துக்கு அதற்குப் பிறகுதான் இடம்.

கடைசியாக மாறியது புல்லட். 2008இல் தண்டர்பேர்டிலும் அடுத்த வருடம் கிளாசிக்கிலும் வந்த புது இன்ஜினில் எல்லாம் ஒன்றாகிவிட்டன. இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே வீடு, ஒரே ஆயில், 15டபிள்யூ-50, ஜாசோ எம்.ஏ. போதாததற்கு ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டேப்பெட் வேறு. பெயர் புல்லட் குடும்பம், சத்தமும் கிட்டத்தட்ட அதே, ஆயில் கணக்கு மட்டும் தலைகீழ். மூணு ஆயில் வண்டியில் முப்பது வருடம் கைபழகியவர்கள் இந்த வண்டிக்கும் பழைய பழக்கத்தையே போட்டார்கள். காருக்கு ஊற்றி மிஞ்சிய 5டபிள்யூ-30ஐ புது கிளாசிக்கில் ஊற்றிவிட்டு, "ஆக்சிலேட்டரை முறுக்கினா இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி போகல" என்று தள்ளிக்கொண்டு வந்தவர் இன்னும் என் கண்ணில் நிற்கிறார். அவருடைய பழைய வார்ப்பிரும்பு வண்டியில் இதே ஆயிலை இன்ஜினில் ஊற்றியிருந்தால் கிளட்ச்சுக்குத் தெரிந்தே இருக்காது. நல்லவேளை, ஆயிலை வடித்து மாற்றி ஓட்டியதும் தட்டுகள் மறுபடி பிடித்துக்கொண்டன. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

போன மாதம் இதன் மறுபக்கம் கடைக்கு வந்தது. தாத்தாவின் வார்ப்பிரும்பு புல்லட்டைத் தூசி தட்டி எடுத்த ஒரு தம்பி, விலை உயர்ந்த ஃபுல் சிந்தெடிக் 10டபிள்யூ-40 நான்கு லிட்டர் கேட்டான்.

"எதுக்குத் தம்பி நாலு லிட்டர்?"

"எல்லா மூடியிலயும் இதையே ஊத்திடலாம்னு இருக்கேங்க்கா. பெஸ்ட்டா ஒண்ணு போட்டுட்டா பிரச்னை இல்லையே."

வண்டி வெளியே நின்றது. மூன்று மூடிகளையும் காட்டினேன். அந்த இடைவெளிகளுக்கு இந்த ஆயில் ரொம்ப இளசு, ஒழுகும் என்றேன். பழைய கியர் பெட்டியின் புஷ் வழியாகத் தண்ணீராக வெளியே வந்துவிடும் என்பதையும் சொன்னேன். இன்ஜினுக்குச் சாதாரண மினரல் 20டபிள்யூ-50 ரெண்டேகால் லிட்டர், கிளட்ச் பெட்டிக்கு அதே சீசாவிலிருந்து அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, சீசாவில் எம்.ஏ. இருக்கிறதா என்று அவனையே படிக்கச் சொன்னேன். கியர் பெட்டிக்குத் தொண்ணூறு நம்பரும் ஒரு டப்பா கிரீஸும். ரொம்ப நாள் நின்ற வண்டி என்பதால், முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் ஆயிலை வடித்து, ஃபெல்ட் ஃபில்டரையும் மாற்றச் சொல்லிச் சீட்டில் எழுதிக்கொடுத்தேன். அவன் கொண்டுவந்த பணத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியது. மிஞ்சியதில் பிரேக் ஷூ வாங்கிக்கொள்ளச் சொல்லி, இரண்டு கடை தள்ளி இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் அண்ணனிடம் அனுப்பினேன்.